நான் சொல்லாத சாட்சி

என் முகநூல் பக்கத்தில் நான் எழுதுவதே இல்லை. இன்று கோபத்தில் எழுதுகிறேன், மன்னிக்கவும்.

மூன்று மாதமாகப் பெங்களூர் ரயிலில் பைபிள் படிக்கிறேன். வேதியியல் படித்தவள், அதனால் கையில் பென்சிலும் இருக்கும். நம்ப முடியாத இடங்களில் கேள்விக்குறி போடுவேன்.

இன்று காலை, ரயிலில் ஜெபக்குழு நடத்தும் எங்கள் ஊர் ஆண்டர்சன்பேட்டை ஸ்டெல்லா அக்கா எட்டிப் பார்த்தார்.

"இன்னா கண்ணு, சயின்ஸ் படிச்ச பொண்ணு கையில பைபிளா?"

"படிச்சுப் பாக்குறேங்க்கா. இன்னும் ஒண்ணும் முடிவு பண்ணல."

சிரித்துக்கொண்டே படம் எடுத்தார். மாலூர் ஸ்டேஷன் வருவதற்குள் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்: "விஞ்ஞானம் தோற்றது. சகோதரி இரட்சிக்கப்பட்டாள்."

பக்கத்து வீட்டார் அதை அம்மாவிடம் காட்டியிருக்கிறார்கள். அம்மா போனில் அழுதார். "எங்கள விட்டுட்டு மதம் மாறிப் போயிட்டியாடி?"

அக்காவிடம் கேட்டேன்.

"இன்னா தப்பு? உன்னப் பாத்து நாலு பேரு வருவாங்க இல்ல?"

சோதனை முடியும் முன்பே முடிவை எழுதினால், எங்கள் லேபில் அதற்குப் பெயர் பொய். நான் படித்த வரைக்கும் பைபிளிலும் அதற்கு வேறு பெயர் இல்லை.

அக்கா, நீங்கள் இதைப் பார்ப்பீர்கள். படத்தை எடுத்துவிடுங்கள். பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து, உங்கள் வாயாலேயே அம்மாவிடம் சொல்லுங்கள், உங்கள் பெண் இன்னும் பாதிகூடப் படிக்கவில்லை என்று.