கோட்டுக்குள் விழுந்த நான்கு மான்கள்

மார்ச் 12, புதன்கிழமை, பகல் ஒன்றே கால் மணி. இசிடோர் நாத்சே நான்கு காரிபூ மான்களைச் சுட்டதாக வழக்குத் தாளில் இருக்கும் நேரம் இது. சொன்னவர் அவரேதான். வேறு சாட்சி இல்லை.

வயது அறுபத்தாறு. வட துருவத்தை ஒட்டிய அந்தப் பக்கத்தில், குளிர்காலத்தில் இரண்டு மாதம் அவருக்கு வேலை உண்டு. உறைந்த ஏரிகளின் மேல் வைரச் சுரங்கத்துக்குப் போகும் பனிச்சாலையில், காற்று கொண்டுவந்து கொட்டும் பனியை லாரியால் ஓரம் தள்ளிக்கொண்டே போக வேண்டும். பின்னால் டீசல் ஏற்றிய லாரிகள் வரிசையாக வரும். பத்து நாள் வேலை, ஐந்து நாள் ஓய்வு. பதினெட்டு வருடமாக இதே வேலைதான். ஒரு தடவைகூட வண்டியைச் சாலைக்கு வெளியே விட்டதில்லை.

மனைவி நொயெல்லா போன ஏப்ரலில் இறந்துபோனார். அன்றிலிருந்து வீட்டில் ரேடியோ பாடவில்லை. சாப்பாடு பெரும்பாலும் டப்பா சூப். எப்படி இருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் "இருக்கேன்" என்பார். வேலைக்குப் போனார், திரும்பி வந்தார், அடுப்புக்கு விறகு பிளந்தார். அவர் அழுததை ஊரில் யாரும் பார்த்ததில்லை. சிரித்ததையும்தான்.

ஒரே ஒரு தேதியை மட்டும் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருந்தார்: ஏப்ரல் 9. வருடம் திரும்பும் நாள். ஊரைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட வேண்டும். முதல் தட்டு நெருப்புக்குப் போகும்; நெருப்பு வழியாகத்தான் அது நொயெல்லாவுக்குப் போய்ச் சேரும். அந்தத் தட்டில் கடை மாட்டிறைச்சியை வைத்தால் யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் நொயெல்லா உயிரோடு இருந்தபோதே அதைத் தொட்டதில்லை. அவருக்கு மான் நாக்கு வேண்டும், விலா எலும்பு வேண்டும்.

மானுக்குத்தான் தட்டுப்பாடு. இசிடோர் இளைஞராக இருந்தபோது லட்சக்கணக்கில் வந்த கூட்டம் இப்போது சில ஆயிரமாகச் சுருங்கிவிட்டது. அதனால் சில மான்களின் கழுத்தில் பட்டை கட்டி, அவை போகும் இடத்தைச் சுற்றி வரைபடத்தில் ஒரு கோடு போடுகிறார்கள். கோட்டுக்குள் யாரும் சுடக்கூடாது. வெளியே, இந்த அளவுக்குக் குறையாத கிழக்குக் கூட்டத்து மான் கிடைத்தால் சுடலாம். மான் நடந்துகொண்டே இருப்பதால் கோடும் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை மத்தியானமும் புதிய வரைபடம் வரும்.

ஏழு வருடத்துக்கு முன்னால் ஊர்க் கூடத்தில் இதைப் பற்றிக் கேட்டபோது பெரும்பாலானவர்கள் சம்மதித்துக் கை தூக்கினார்கள். இசிடோரும் தூக்கினார். "ரெண்டு கையையும் தூக்கினான். சூப் ஊத்தப் போறாங்கன்னு நெனச்சுட்டான்" என்று பக்கத்து வீட்டு ஹ்யூபர்ட் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மார்ச் 10, திங்கட்கிழமை. இசிடோர் ஊர் அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்தார். கோணல் ஏரியின் கிழக்குக் கரை கோட்டுக்கு வெளியே ஆறு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அதை ஜி.பி.எஸ். கருவியில் ஏற்றிக்கொண்டு, ஸ்கிடூ என்ற பனி மோட்டார் வண்டியின் பின்னால் சறுக்குவண்டியைக் கட்டிக் கிளம்பினார். அந்தப் பக்கம் போன் எடுக்காது. செவ்வாய்க்கிழமை முழுக்கக் காற்று. கூடாரத்தைவிட்டு வெளியே வரவில்லை. அன்று மத்தியானம், கழுத்துப் பட்டை கட்டிய இரண்டு பெண் மான்கள் கிழக்கே நடந்திருந்ததால், கோடு ஏரியைத் தாண்டிப் போட்டாயிற்று. கூடாரத்துக்குள் டீ போட்டுக்கொண்டிருந்தவருக்கு அது தெரிய வழியில்லை.

புதன்கிழமை காற்று நின்றது. நான்கு மான்கள். ரம்பம் போடாமல் மூட்டு மூட்டாகக் கத்தியாலேயே பிரித்தார். குடல், இரைப்பை, தலை, எதையும் விடவில்லை. ரத்தம் சிந்திய இடத்தைப் பனியால் மூடினார். மறுநாள் காலை திரும்பினார்.

பாதை பனிச்சாலையில் சேரும் இடத்தில் வனவிலங்குத் துறையின் சோதனைச் சாவடி இருக்கிறது. ஒரு தகர அறை, ஒரு அடுப்பு, ஜோலீன். இசிடோரின் சித்தி மகளுக்குப் பிறந்தவள், நாற்பது வயது, சீருடையில் இருந்தாலும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

வேட்டையிலிருந்து திரும்புகிறவன் வழியில் முதலில் பார்க்கும் ஆளுக்குப் பங்கு கொடுக்க வேண்டும். அந்த ஆள் யார், என்ன உத்தியோகம் என்றெல்லாம் பார்ப்பதில்லை. இசிடோரும் பார்க்கவில்லை. வண்டியை நிறுத்தி, கதவைத் தட்டினார்.

"ஜோலீன், வெளிய வா. ஒரு தொடையை எடுத்துக்க, உங்கம்மாவுக்குக் குடு. நாக்கை மட்டும் கேக்காதே, அது நொயெல்லாவுக்கு."

"வெறுங்கையோடதான் வருவீங்கன்னு ஹ்யூபர்ட் மாமா சொன்னாரே!"

"அவன் கண்ணுக்கு மானும் தெரியாது, மரமும் தெரியாது."

"நல்ல கொழுப்பா இருக்கே. எங்க கெடச்சுச்சு?"

"கோணல் ஏரி. கிழக்குக் கரை. இந்தா, நீயே பாரு." கருவியை நீட்டினார்.

ஜோலீன் பார்த்தாள். உள்ளே போய்த் தன்னுடைய கணினிப் பலகையை எடுத்துவந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"நேத்தா மாமா?"

"நேத்துதான். ஒண்ணே கால் இருக்கும்."

"செவ்வாக்கெழமை கோட்டை மாத்திட்டாங்க. ஏரி முழுக்க உள்ள போயிருச்சு."

"சரி" என்றார் இசிடோர்.

"ஏன் மாமா எங்கிட்ட வந்து சொன்னீங்க? கதவைத் தட்டாமப் போயிருக்கலாமில்ல?"

"நீதானே எதிர்ல இருந்தே."

 ஜோலீன் தொடையைச் சறுக்குவண்டியிலேயே திரும்ப வைக்கச் சொன்னாள். ஒரு படிவத்தை எடுத்தாள். அதன் பிறகு அவள் பேச்சில் 'மாமா' வரவில்லை.

"முழுப் பேர் சொல்லுங்க."

"உனக்குத் தெரியாதா?"

"நீங்க சொல்லணும்."

சொன்னார். அவள் எழுதி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் பதினொரு டீசல் லாரிகள் சாவடியைத் தாண்டிப் போயின. ஒவ்வொன்றுக்கும் தகரச் சுவர் அதிர்ந்தது. அந்தச் சாலையும் கோட்டுக்குள்தான் போகிறது. லாரிக்குச் செவ்வாய்க்கிழமை கிடையாது. பிப்ரவரியில் இதே சாலையோரம் ஏழு மான்கள் பின்தொடைகள் மட்டும் அறுத்தெடுக்கப்பட்டுக் கிடந்தன. ஜோலீன் மூன்று வாரம் அலைந்தும் யார் செய்தது என்று தெரியவில்லை. அவர்கள் யார் கதவையும் தட்டவில்லை.

இறைச்சியும் துப்பாக்கியும் பறிமுதல் ஆயின. மைனஸ் முப்பத்து நான்கு டிகிரி குளிர். ஊர் போய்ச் சேர வேண்டுமே என்று ஸ்கிடூவை விட்டுவைத்தாள்.

"நாக்கை மட்டும் குடுப்பியா?" என்று கேட்டார்.

"முடியாது. எல்லாமே சாட்சியம்."

"சரி."

ஹ்யூபர்ட் வாசலிலேயே காத்திருந்தார். செய்தி முன்னாலேயே வந்துவிட்டது.

"ஏண்டா, ஆபீசர் கையிலேயே தொடையைக் குடுத்தியாமே! ஒரு கைவிலங்கையும் வாங்கிட்டுப் போயிருக்கலாமில்ல, அவளுக்கு வேலை மிச்சம்."

இசிடோர் காலணியின் கயிற்றை அவிழ்த்தார். விரல்கள் மடங்கவில்லை. ஹ்யூபர்ட் குனிந்து, திட்டிக்கொண்டே மிச்சத்தை அவிழ்த்துவிட்டார்.

ஊர் கொதித்தது. கூடத்தில் கூட்டம் போட்டுப் பேசினார்கள். கோடு நகர்ந்ததை நடுக்காட்டில் இருக்கிறவனுக்கு யார் சொல்வது, சுரங்கத்துக்கு ஒரு சட்டம் நமக்கு ஒரு சட்டமா என்று இரண்டு மணி நேரம் நடந்தது. இசிடோர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். காபி ஆறிப்போயிருந்தது. இலவசச் சட்ட உதவிக்கு வந்த வக்கீல் போனில் பேசினார். வழக்காடலாம், புதிய வரைபடம் கிடைக்க வழியே இல்லை என்று சொல்லலாம், வெற்றி வாய்ப்பு உண்டு என்றார்.

"கோடு அங்கதான் இருந்துச்சு. நான் உள்ளதான் இருந்தேன்" என்றார் இசிடோர்.

"அது உங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லலாமே?"

"கூடத்துல நானும்தான் கை தூக்கினேன். செவ்வாக்கெழமை மாறும்னு எனக்குத் தெரியுமே."

வக்கீல் யோசிக்கச் சொன்னார். இசிடோர் மறுநாள் வேலைக்குப் போனார். பத்து நாள் பனி தள்ளினார்.

மார்ச் 27, வியாழக்கிழமை. ஹ்யூபர்ட் இரண்டு பொட்டலங்களுடன் உள்ளே வந்தார். பறிமுதல் செய்த இறைச்சியைப் படமெடுத்து, மாதிரி எடுத்துக்கொண்டு, கெட்டுப்போவதற்கு முன் அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்குக் கொடுத்துவிடுவது வழக்கம். சுகாதார நிலையத்தில் வயதுப்படி பட்டியல் இருக்கிறது. அதில் இசிடோரின் பெயரும் இருக்கிறது, யாரும் அதை நீக்கவில்லை.

"உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. கெழவனாயிட்டோம்னு சர்க்கார் மரியாதை. எங்க புடிச்ச மானோ!"

இசிடோர் காகிதத்தைப் பிரித்தார். விலா எலும்பு. மூட்டு ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார். ரம்பம் பட்ட தடம் இல்லை.

"என் கத்தி" என்றார்.

ஹ்யூபர்ட்டுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் இருமல் வரும்வரை சிரித்தார்.

"நீயே சுட்டு, நீயே மாட்டி, இப்ப உனக்கே தானமா! டேய், இதைத் தின்னா ரெண்டாவது கேஸ் போடுவாங்களா?"

 இசிடோர் காகிதத்தைத் திரும்ப மடித்தார், பழைய மடிப்பின் மேலேயே. ஹ்யூபர்ட்டின் சிரிப்பு நின்றது. அவர் தன்னுடைய பொட்டலத்தைப் பிரிக்காமலே இசிடோரின் குளிர்பெட்டியில் வைத்து மூடினார்.

"விருந்துக்கு ஆகும்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை வாசலில் அதே காகிதம் சுற்றிய இன்னும் ஐந்து பொட்டலங்கள் இருந்தன. பெயர் எழுதவில்லை. இசிடோர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். தோள், கழுத்து, தொடை, தொடை, விலா. நாக்கு எதிலும் இல்லை. அன்று சாயந்திரம் ஜோலீனின் அம்மா போன் செய்து, கேக் கொண்டுவருகிறேன், ஜோலீன் வரலாமா என்று கேட்டார்.

"வரட்டும்" என்றார் இசிடோர்.

பனிச்சாலை மார்ச் 31 அன்று மூடப்பட்டது; அடுத்த ஜனவரி வரை அவருக்கு வேலை இல்லை. விருந்து ஏப்ரல் 9. நெருப்புக்குப் போகும் தட்டில் நாக்குக்குப் பதிலாக இரண்டு விலா எலும்பு இருக்கும். வழக்கு யெல்லோநைஃப் நீதிமன்றத்தில் ஏப்ரல் 22, காலை பத்து மணிக்கு. குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போவதாக வக்கீலிடம் சொல்லிவிட்டார். அன்று செவ்வாய்க்கிழமை. மத்தியானம் புதிய வரைபடம் வரும்.