லூர்து அக்காவின் காவல் வீடுகள்

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். மகள் தூங்கிய பிறகுதான் எனக்குக் கை ஒழிகிறது. பகலில் எழுத உட்கார்ந்தால் இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை.

போன செவ்வாய்க்கிழமை காலை விருதுநகரில் தையல் கடையில் நின்று, அடுத்த மேப் ஓட்டத்துக்கான கொடிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஆரஞ்சும் வெள்ளையுமாகப் பன்னிரண்டு கொடிகள். பதினொன்றாவதை மடிக்கும்போது லூர்து அக்காவின் வீட்டுக்காரர் சேவியர் அண்ணன் போன் செய்தார். "லூர்து நம்மள விட்டுட்டுப் போயிருச்சும்மா. விடியக்காலம் நாலு மணி." காய்ச்சல் என்று மதுரையில் சேர்த்திருப்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். முந்தின நாள்கூட, "சனிக்கிழமை வந்து களத்தப் பாத்திருவோம், நீ மேப்ப முடி" என்று அக்கா போனில் குரல் பதிவு அனுப்பியிருந்தார். பன்னிரண்டாவது கொடியை மடிக்காமலே பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

நம் குழுவுக்குப் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். கையில் வரைபடத்தையும் திசைகாட்டியையும் கொடுத்து, கரட்டிலும் கண்மாய்க் கரையிலும் நட்ட கொடிகளை வரிசையாகத் தேடிவரச் சொல்வதுதான் மேப் ஓட்டம். கல்லூரி என்.சி.சி.யில் படித்ததை வைத்து வரைபடம் போடுவது நான். லூர்துமேரி அக்கா கிராம சுகாதார செவிலியர். முதல் ஓட்டத்துக்கு அவர் முதலுதவிப் பெட்டியோடு சும்மா வந்தவர்தான்.

அந்த முதல் ஓட்டம் நினைவிருக்கிறதா? புறப்பட்ட அரை மணி நேரத்தில் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். "மிஸ், மூணாம் நம்பர்ல ஒண்ணுமே இல்ல." அஞ்சிலும் இல்லை, ஏழிலும் இல்லை. கண்மாய்க் கரைக்கு ஓடிப்போய்ப் பார்த்தால், ஆடு மேய்க்கும் மாடசாமி என் கொடிகளை மடியில் அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ஏழெட்டுப் பேர். "யாரக் கேட்டு அளக்கீக? ரோட்டுக்கா?" என்றார். காட்டோரத்தில் கலர் கொடி நட்டால் நிலம் எடுக்க வந்திருக்கிறார்கள் என்றுதான் நம் பக்கத்தில் அர்த்தம். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது உறைக்கவில்லை. சரிவும் தூரமும் பார்த்தேன், நிலத்துக்காரரைப் பார்க்கவில்லை.

பின்னாலேயே வந்த அக்கா இடுப்பில் கை வைத்து நின்றார். "ஏலே மாடசாமி, ஒம் மகளுக்கு ஊசி போட்டவ நானு. நெலத்த அளக்க நான் வருவேனாலே?"

"நீங்க இருக்கீகன்னு எனக்கு எப்படித் தெரியும்? கொடியில ஒங்க மூஞ்சியா போட்டிருக்கு?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மாடசாமியே கொடிகளைத் திரும்ப நட்டார். ஆனால் ஒவ்வொன்றும் எடுத்த இடத்திலிருந்து இரண்டு வேலி தள்ளி. "கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா என்ன தாயி, கொடிதான இருக்கு" என்றார். அன்றைய ஓட்டத்தையே ரத்து செய்தோம். நான் ஆட்டோவில் உட்கார்ந்து அழுதேன். அக்கா சமாதானம் சொல்லவில்லை. "ஒன் மேப்புல மரம் இருக்கு, கெணறு இருக்கு, மனுசங்க இல்ல. கொடி நட்டாப் போதாது சரண்யா. ஒவ்வொண்ணுக்கும் ஒரு வீடு வேணும், பாத்துக்கிட" என்றார். காவல் வீடு பிறந்தது அன்றைக்குத்தான். அதன்பின் எந்தக் கொடியும், அருகிலுள்ள ஒரு வீட்டுக்காரரிடம் அக்கா நேரில் பேசி, பெயரும் போன் நம்பரும் வாங்காமல் நடப்பட்டதில்லை. ஆளில்லாத கொடி நடக் கூடாது என்பது அவர் சட்டம்.

நாங்கள் சண்டையும் போட்டிருக்கிறோம். திருத்தங்கலுக்கு அப்பால் ஒரு களம் பார்த்தபோது, ஒரு பட்டாசுக் கம்பெனிச் சுவரை ஒட்டிய பாதை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஷெட்டுகள் தள்ளித் தள்ளி இருக்கும், நடுவே ஒற்றையடிப் பாதைகள். வரைபடம் பழகுகிறவர்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

"ஞாயித்துக்கிழமை லீவுதானக்கா, ஒரு ஆளு இருக்காது" என்றேன்.

"கம்பெனிக்கு லீவு. உள்ள கெடக்க மருந்துக்கு லீவா?"

என் கையிலிருந்த சிவப்புப் பேனாவைப் பிடுங்கி, சுவரிலிருந்து வெகுதூரம்வரை கோடு கோடாக அடித்துவிட்டார். என் மூன்று மாத வேலை. ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் பஸ்ஸில் அவராகச் சொன்னார். அவருடைய அம்மா அப்படியொரு கம்பெனியில் வேலை பார்த்தவர். எங்கேயாவது சத்தம் கேட்டால் அக்கா பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிப்போய் கம்பெனி கேட்டுக்கு வெளியே நிற்பாராம். உள்ளே பெயர் கூப்பிட்டுத் தலை எண்ணுவார்கள். அம்மாவின் பெயருக்குப் பதில் கேட்கும்வரை மூச்சு விட மாட்டாராம். இதை ஒருமுறைதான் சொன்னார்.

அதனால்தான் நம் ஓட்டத்தில் அந்தச் சீட்டு முறை. புறப்படுகிறவரின் பெயர்ச் சீட்டைக் கிழித்து, பாதியை அக்கா சணல் கயிற்றில் கோப்பார். திரும்பி வந்தவர் மறுபாதியைக் கொடுத்தால்தான் கயிற்றிலிருந்து சீட்டு இறங்கும். கயிறு காலியாகாமல் பரிசு கிடையாது, சாப்பாடு கிடையாது. "கலெக்டரே வந்தாலும் நிக்கணும்" என்பார்.

போன கோடையில் ஒரு சீட்டு இறங்கவில்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளை. பத்தரை மணி, வெயில் ஏறிவிட்டது. எனக்குக் கிணறுகள்தான் கண்ணில் வந்தன. என் மகளை இறுக்கிப் பிடித்ததில் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். அக்கா நிழலில் உட்கார்ந்து, காவல் வீடுகளை ஒவ்வொன்றாகப் போனில் கூப்பிட்டார். நாலாம் கொடி, தாண்டிவிட்டாள். ஆறு, தாண்டிவிட்டாள். ஏழாம் கொடிக்குக் காவல் மாடசாமி.

"இங்கனதான் இருக்கு. கால்ல முள்ளு. எம் பொண்டாட்டி எடுத்துவிட்டுட்டா. கம்மங்கூழு குடிச்சிக்கிட்டிருக்கு, அனுப்புதேன். கொடியும் நட்ட எடத்துலயேதான் இருக்கு, நர்சம்மா. ரெண்டு வேலி தள்ளி இல்ல."

அக்கா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பயப்படு, வேண்டாங்கல. எங்கன பயப்படணும்னு தெரிஞ்சு பயப்படு." நான் எதற்கும் பதறுகிறவள், உங்களுக்குத் தெரியும். இப்போதும் எழுதுகிற நடுவில் இரண்டு தரம் எழுந்து மகளுக்கு மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டேன். ஆனால் களத்தில் எனக்குப் பதற்றம் இல்லை. எங்கே கிணறு, எங்கே ஷெட்டு, எந்த வீட்டில் யார் போன் எடுப்பார்கள் என்று தெரியும்.

அதனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் நடக்கும். தள்ளிவைக்கலாம் என்று சிலர் சொன்னீர்கள். வேண்டாம். வரைபடம் முடிந்துவிட்டது. பன்னிரண்டு கொடியும் என்னிடம் இருக்கின்றன.

ஒரே ஒரு விஷயம் பாக்கி. அடக்கம் முடிந்து சேவியர் அண்ணன் அக்காவின் நோட்டை என்னிடம் கொடுத்தார். பதினோரு கொடிக்குக் காவல் வீடு, பெயர், நம்பர் எல்லாம் தெளிவாக இருக்கிறது. ஒன்பதாம் கொடிக்கு நேரே "பேசியாச்சு" என்று மட்டும் இருக்கிறது. பெயர் இல்லை. நேற்று மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, ஒன்பதாம் கொடி வரவேண்டிய இடத்துக்கு, ஓடைக்கு அந்தப்பக்கம் போனேன். அங்கே மொத்தமே ஐந்து வீடு. மூன்று வீட்டில், "நர்சம்மா வந்தாக, ஆனா எங்ககிட்ட கொடி பத்திப் பேசலையே" என்றார்கள். இரண்டு வீடு பூட்டிக் கிடந்தது.

பெயர் தெரியாவிட்டால் ஒன்பதை எடுத்துவிட்டுப் பதினொன்றோடு ஓட்டத்தை நடத்துவேன். அது பெரிய காரியமில்லை. ஆனால் அக்கா கேட்டுச் சரியென்று சொன்ன ஒருவர், ஞாயிறு விடியலில் எழுந்து கொடி வரும் என்று வாசலில் பார்த்துக்கொண்டிருப்பார். அக்கா கொடுத்த வாக்கை நான் அப்படி விட மாட்டேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தச் சணல் கயிறு. ஞாயிறு அன்று முடிவுக் கோட்டில் அதைப் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன். கடைசிச் சீட்டு இறங்கும்வரை நகர மாட்டேன்.

அக்கா காய்ச்சலில் படுப்பதற்கு முன் அவரோடு ஓடைப் பக்கம் போனவர், அவரை வண்டியில் இறக்கிவிட்டவர், யாராக இருந்தாலும் சரி. அக்கா எந்த வீட்டுக்குப் போனார், யாரிடம் பேசினார் என்று சொல்லுங்கள். வியாழன் காலை வரைபடம் சிவகாசிக்கு அச்சுக்குப் போகிறது. அதற்குள் பதில் எழுதுங்கள். எந்த நேரமானாலும் பரவாயில்லை, நான் விழித்துத்தான் இருப்பேன்.