காது பார்க்கும் வண்டி

நான் காது பார்க்கும் வேலை செய்கிறவன். டாக்டர் இல்லை. ஹெட்போன் மாட்டிவிட்டு மெல்லிய விசில் போன்ற ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்பி, எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று தாளில் குறித்துக் கொடுப்பவன். சிதம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் பல வருஷம் இதைச் செய்தேன். பிறகு ஓர் அறக்கட்டளை ஊர் ஊராகப் போய்ப் பரிசோதிக்க ஆள் தேடியது. சம்பளம் குறைவு, ஆனால் தங்க இடம் உண்டு என்றார்கள். எனக்கு அப்போது அதுதான் வேண்டியிருந்தது. மனைவியும் மகளும் திருச்சிக்குப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. பெரிய சண்டை ஒன்றும் இல்லை. ஒரே வீட்டில் பேசாமல் இருப்பதைவிட இரண்டு ஊரில் பேசாமல் இருக்கலாம் என்று அவள் முடிவு செய்தாள். நானும் மறுக்கவில்லை.

தங்க இடம் என்று அவர்கள் சொன்னது வண்டியைத்தான். சினிமா ஷூட்டிங்கில் நடிகர்கள் உட்காருவதற்காக ஒரு காலத்தில் செய்த கேரவன். ஓடி ஓய்ந்தபின் அறக்கட்டளை வாங்கியிருந்தது. பின்பக்கம் ஒரு படுக்கை, ஒரு சின்னக் கழிப்பறை, கை கழுவ ஒரு தொட்டி. முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுற்றிப் பல்பு மாட்டும் ஓட்டைகள் இன்னும் இருந்தன. நடுவில் பிளைவுட்டால் ஒரு கூண்டு அடித்து, அதில் கண்ணாடிச் சன்னல் வைத்திருந்தார்கள். அந்தக் கூண்டில்தான் ஆளை உட்காரவைத்துக் காது பார்க்க வேண்டும்.

வண்டி ஓட்டியவர் குறிஞ்சிப்பாடிக்காரர். எங்கள் அம்மாவுக்கும் அதே ஊர் என்று தெரிந்ததும் முதல் நாளே என்னை மாப்ள என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். நானும் மாமா என்றேன்.

முதல் முகாம் கடலூர் துறைமுகத்தை ஒட்டிய ஒரு மீனவக் குப்பத்தில், புயல் பாதுகாப்பு மையத்தின் மைதானத்தில். சித்திரை மாதம். ஏசியைப் போட்டால் கூரை முழுக்க அதிர்ந்தது. பின்னால் ஜெனரேட்டர் வேறு. ஏசியை நிறுத்தினால் பத்தே நிமிஷத்தில் ஹெட்போனுக்கு அடியில் வியர்வை வழிந்து, உட்கார்ந்தவர் எழுந்து ஓடினார். ஏசியைப் போட்டே பார்த்தேன். சாயங்காலம் தாள்களை அடுக்கிப் பார்த்தால் வந்த எல்லாருக்கும் கனத்த, தாழ்ந்த ஒலிகள் கேட்கவில்லை என்று இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும்கூட. சந்தேகப்பட்டு மாமாவை உட்காரவைத்துப் பார்த்தேன். அவருக்கும் அதேதான்.

"ஊரே செவுடுன்னு எழுதிட்டியே மாப்ள," என்று சிரித்தார். "வண்டிக்கில்ல மொதல்ல வைத்தியம் பாக்கணும்!"

சிதம்பரத்துக்குத் திரும்பி அந்த வைத்தியத்தைத் தொடங்கினோம். முதலில் என் புத்திக்குப் பட்டதைச் செய்தேன். எங்கோ கேள்விப்பட்டதை நம்பி முட்டை அட்டைகளை வாங்கிக் கூண்டுச் சுவர் முழுக்க ஒட்டினேன். சத்தம் துளியும் குறையவில்லை. கரப்பான்பூச்சிதான் குடியேறியது. அத்தனையையும் பிய்த்துப் போட்டபின் மாமா ஒரு காரியம் செய்தார். வண்டி இஞ்சினை ஓடவிட்டு, உள்ளே தகரச் சுவர்களை ஒவ்வொன்றாக உள்ளங்கையால் தட்டிக்கொண்டே வந்தார். சில இடத்தில் மத்தளம் மாதிரி ஒலித்தது. கையை அழுத்தி வைத்தால் நின்றது.

"இங்கல்லாம் தகரம் ஆடுது. ஆடுறத அமுக்குனா போதும்."

கார் சாமான் விற்கும் கடையில் தார் பூசிய ரப்பர் ஷீட் வாங்கிவந்தோம். ஒரு பக்கம் பசை, மறுபக்கம் வெள்ளித் தாள். ஒவ்வொரு தகரத்துக்கும் நடுவில் ஒரு துண்டு ஒட்டினாலே அதிர்வு அடங்கியது. ஆனால் அவசரத்தில் தூசியைத் துடைக்காமல் ஒட்டிவிட்டேன். மறுநாள் மதியம் படுத்திருந்தபோது கூரையிலிருந்து ஒரு ஷீட் கழன்று முகத்தில் விழுந்தது. பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்து, மறுபடியும் முதலிலிருந்து ஒட்டினேன். அதற்கு மேல், ஏசிக் குழாய்க்குச் சுற்றுவார்களே கறுப்பு ஃபோம், அதைப் பலகை பலகையாக வைத்து மூடினோம்.

சூட்டுக்குக் காரணம் கூரை. வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பெயின்ட்டை இரண்டு கோட்டு அடித்தோம். கொஞ்சம் குறைந்தது. பிறகு மாமா இரும்புக் குழாயில் சட்டம் அடித்து, கூரைக்கு மேல் ஒரு சாண் இடைவெளி விட்டு இன்னொரு தகரக் கூரை போட்டார். வெயில் மேல்தகரத்தோடு நின்றது, இடையில் காற்று ஓடியது. அன்று மதியம்தான் முதல் தடவையாக உள்ளிருந்து கூரையில் கை வைக்க முடிந்தது.

சத்தம் தண்ணீர் மாதிரி. சின்ன இடுக்கு இருந்தால் போதும், வந்துவிடும். கதவைச் சுற்றி ரப்பர் பீடிங் ஒட்டினேன். எல்லாவற்றையும் அடைத்தபின் உள்ளே மூச்சு முட்டியது. ஒரு மரப்பெட்டி செய்து, அதற்குள் காற்று வளைந்து வளைந்து வருகிற மாதிரி தடுப்பு வைத்து, ஃபோம் ஒட்டி, முனையில் ஒரு சின்ன ஃபேன் மாட்டினேன். காற்று வந்தது, சத்தம் வழியிலேயே தங்கிவிட்டது. ஜெனரேட்டரை வண்டியிலிருந்து இறக்கித் தள்ளி வைக்க நீளமான வயரும் வாங்கினோம். இனி முன்கூட்டியே ஏசியைப் போட்டு உள்ளே குளிரவைத்துவிட்டு, காது பார்க்கும் நேரத்தில் நிறுத்திவிடலாம். குளிர்ச்சி அரைமணி நேரம் தங்கியது.

இந்த வேலைக்கு ஒன்றரை மாதம் ஆனது. என் வாழ்க்கையில் சந்தோஷமான ஒன்றரை மாதம் என்று அதைச் சொல்வேன். பகலெல்லாம் மாமா பக்கத்தில் பேசிக்கொண்டே இருப்பார். ஐந்து மணிக்குக் கை கழுவிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்புவார்.

"வூட்டுக்கு வா மாப்ள. ஒங்கக்கா கேட்டுக்கினே இருக்கா."

"இன்னொரு நாள் வரேன் மாமா."

ஏன் போகவில்லை என்று இப்போதும் சரியாகத் தெரியவில்லை. கூட்டமான வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவர பயமாக இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

வண்டி சரியானதும் அதே குப்பத்துக்கு மறுபடி போனோம், மூன்று வாரத்துக்கு. இந்த முறை தாள்கள் உண்மையைச் சொல்லின. பிள்ளைகளுக்குக் காது நன்றாக இருந்தது. படகு இஞ்சின் பக்கத்திலேயே வருஷக்கணக்கில் உட்கார்ந்த ஆண்களுக்கு மெல்லிய, உயர்ந்த ஒலிகள் போயிருந்தன.

இரண்டாம் நாள் மதியம் ஒரு மீன்காரம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். காலையில் பஸ் ஏறிச் சிதம்பரத்தில் தெருத் தெருவாக விற்றுவிட்டு, காலி அலுமினியக் கூடையோடு திரும்பியிருந்தார். கூடையை வெளியே கவிழ்த்துவிட்டு ஏறினார். பார்த்தேன். ஒரு குறையும் இல்லை.

"உங்களுக்குக் காது நல்லா இருக்குக்கா."

"தெரியும் தம்பி. ஜாஸ்தியாவே கேக்குது. அதான் என் கஷ்டம்."

கதவைத் திறக்கப் போனேன். அவர் எழவில்லை.

"ஆளு யாரும் நிக்கலன்னா இன்னும் கொஞ்ச நேரம் ஒக்காந்துக்கவா? பேச்சு குடுக்காதீங்க. சும்மா இருக்கணும்."

வெளியே யாரும் இல்லை. சரி என்றேன். கூண்டுக்குள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். கால் மணி நேரம் கழித்து எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். நான் மதியத்துக்குள் ஆட்களை முடித்துவிட்டு, அவர் வரும் நேரம் பார்த்து ஏசியைப் போட்டுவைக்கத் தொடங்கினேன். மாமாவோடு பேசுவதைத் தவிர முகாமில் எனக்குப் பேச்சென்றால், "பட்டனை அழுத்துங்க", "இடது காது", "வலது காது" இவ்வளவுதான். அந்த அம்மாவிடம் எதையாவது கேட்க வேண்டும்போல் இருக்கும். மீன் விலை, பஸ் கூட்டம், எதுவானாலும். ஆனால் அவர் பேச்சில்லாமல் இருக்கத்தான் வருகிறார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, இறங்கும்போது அவரே சொன்னார்.

"எங்கூட்டுக்காரரு போட்டுல இஞ்சின் டிரைவரு தம்பி. காது போயிட்டுது, ஒத்துக்க மாட்றாரு. டிவிய தெரு முனைக்குக் கேக்குற மாரி வெப்பாரு. தண்ணி வேணுமான்னு கேக்குறதுக்கே நான் கத்தணும். பக்கத்து வூட்ல நாங்க எப்பப் பாத்தாலும் சண்ட போடுறோம்னு நெனைக்கிறாங்க. சண்டயே இல்ல தம்பி. சண்ட போட்டே வருஷம் ஆவுது."

"ஒரு தடவை கூட்டிட்டு வாங்களேன்."

"கூப்புட்டா நீ போய்ப் பாருன்றாரு. அதான் நான் வந்தேன்."

மாமா இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் படகுத் துறைப் பக்கம் போய், ஜெனரேட்டர் கத்துகிறது, யாராவது இஞ்சின் தெரிந்தவர் பார்க்க முடியுமா என்று விசாரித்து, சரியாக அந்த மனிதரையே அழைத்துவந்துவிட்டார். உயரமான ஆள், பனியன், கையெல்லாம் கிரீஸ். ஜெனரேட்டர் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு நிமிஷம் நின்றார். காதால் கேட்கவே முயலவில்லை.

"இந்தப் பக்கத்து போல்ட்டு லூசு. அடியில ரப்பர் தேஞ்சிட்டுது," என்றார் உரக்க.

பழைய டயரை வெட்டி அடியில் கொடுத்து, போல்ட்டை முறுக்கினார். ஜெனரேட்டர் பாதியாக அடங்கியது. அந்த வித்தியாசம் அவருக்குக் கையில்தான் தெரிந்தது. பிறகு வண்டியைப் பார்த்து, "உள்ள என்னாதான் பண்றீங்க?" என்றார். மாமா கதவைத் திறந்து பிடித்தார்.

கூண்டில் உட்காரவைத்து ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னேன். தாழ்ந்த ஒலிகளுக்கு அழுத்தினார். மேலே போகப் போக விரல் நின்றது. நான் ஒலியைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். கண்ணாடி வழியாக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பரீட்சைக்குத் தயாராக உட்கார்ந்த பிள்ளையின் முகம் அது. இன்னும் கொஞ்சம் கூட்டியபோது அவர் ஹெட்போனிலிருந்து கசிந்த விசில் எனக்கே லேசாகக் கேட்டது. அவர் ஒரு பக்கத்தை விலக்கிவிட்டுக் கேட்டார்.

"இன்னும் ஆரம்பிக்கலியா சார்?"

தாளை எடுத்துப்போய்க் காட்டினேன். கோடு எங்கே சரிகிறது என்று விரலால் தொட்டுக் காண்பித்தேன். அவர் அதை வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப அவ மெதுவா பேசுறான்னு நான் திட்டுனதெல்லாம்..." என்று நிறுத்திக்கொண்டார்.

முகாம் முடிவதற்குள் அறக்கட்டளையிலிருந்து அவருக்குக் காதுக் கருவி வந்துவிட்டது. மாட்டிக்கொண்டு போனவர் இரண்டு நாள் கழித்து என்னிடம் வந்து புகார் சொன்னார். "வூட்ல ஃபேன் இப்டியா சார் கத்தும்? இவ்ளோ நாளா யாரும் சொல்லவேல்ல. பிளாஸ்டிக் பைய எடுத்தா காதக் கிழிக்குது." பழகப் பழகச் சரியாகிவிடும் என்றேன். அந்த அம்மா பின்னால் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் அந்த அம்மா கூண்டில் உட்கார வரவில்லை. மதியம் பஸ்ஸிலிருந்து இறங்கி, மைதானத்தின் ஓரமாகக் கூடையோடு நடந்து போவதைப் பார்ப்பேன். "சாப்ட்டிங்களா தம்பி?" என்று தூரத்திலிருந்தே கேட்பார். சாப்பிட்டேன் என்பேன். வீட்டுக்குப் போகிற அவசரம் அவர் நடையில் இருந்தது. எனக்குச் சந்தோஷம்தான். என் வேலையே அதுதானே. ஆனாலும் மூன்று நாள் அந்த நேரத்துக்கு ஏசியைப் போட்டுவைத்தேன். நான்காம் நாள் மாமா, "யாருக்கு மாப்ள டீசல் எரியுது?" என்று கேட்டார். நிறுத்தினேன்.

கடைசி நாள் அவர்கள் வீட்டில் சோற்றுக்குக் கூப்பிட்டார்கள். மாமாவும் நானும் போனோம். வஞ்சிரம் வறுத்திருந்தார்கள். டிவி ஓடிக்கொண்டிருந்தது, பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு மட்டும் கேட்கிற அளவில். அந்த மனிதர் இருபது வருஷத்துப் பேச்சை ஒரே நாளில் முடிக்கிறவர் மாதிரி பேசிக்கொண்டே இருந்தார். அந்த அம்மா நடுநடுவே மறித்து, "அப்டி இல்ல, இப்டி" என்று மெதுவான குரலில் திருத்தினார். என் குடும்பத்தைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. திருச்சியில் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு மீன் முள்ளை எடுப்பதில் மும்முரமானேன். மாமா உடனே பேச்சை மாற்றினார். அதற்காக அவரை நான் மறக்க மாட்டேன்.

அடுத்த முகாம் சேத்தியாத்தோப்பில். வெள்ளாற்றுப் பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி வண்டியை நிறுத்தியிருந்தோம். ஒரு நாள் காலை தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. அந்த அம்மா.

"தம்பி, காது மிசினு பேட்டரி தீந்துடுச்சி. எங்க வாங்குறது?"

பேட்டரி நம்பரையும், கடலூரில் எந்தக் கடையில் கிடைக்கும் என்பதையும் சொன்னேன். பத்து நாளைக்கு ஒன்று தீரும், அதனால் ஒரு அட்டையாகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். "இருங்க, அவுரு பேசுறாரு" என்று போனைக் கொடுத்தார். அவர் கருவி இல்லாத காதோடு ஏதோ கத்தினார். நானும் பதிலுக்குக் கத்தினேன். வண்டிக்கு வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு நிமிஷம்கூட இருக்காது. அந்த எண்ணைப் பெயர் போட்டுச் சேமித்துக்கொண்டேன்.

நாலு நாள் கழித்து நானே கூப்பிட்டேன். புது பேட்டரி அதற்குள் தீர்ந்திருக்காது என்று எனக்குத் தெரியும்.

"பேட்டரி நல்லா வேலை செய்யுதாக்கா?" என்றேன்.

"செய்யுது தம்பி," என்றார். பிறகு, நான் வேறு எதற்கோ கூப்பிட்டிருக்கிறேன் என்று புரிந்தவர்போல, "இன்னிக்கி பஸ்ஸுல என்னா கூட்டம்ன்றீங்க..." என்று சொல்ல ஆரம்பித்தார். நான் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டேன்.