பாதிப் பாட்டின் மற்றப் பாதி: பேர்ணுக்கு ஒரு நாள்

சுவிஸ் தலைநகரான பேர்ணுக்கு நான் முதன்முதலாகப் போனது 1997 பெப்ரவரியில், ஒரு சனிக்கிழமை. கரடி பார்க்கவும் மணிக்கூட்டுக் கோபுரம் பார்க்கவும் போகிறவர்களுக்கு இந்தக் குறிப்பு பெரிதாக உதவாது. நான் போனது சின்னண்ணாவின் கசெற்றை வாங்கி வர.

சின்னண்ணா அங்கே ஓர் உணவகத்தில் கோப்பை கழுவியவர். நான் கலியாணமாகி வின்டர்தூருக்கு வர ஒன்றரை வருடம் முந்தியே மாரடைப்பில் போய்விட்டார். அவர் இருக்கிற நாடு என்றுதான் நான் இந்த மாப்பிள்ளைக்கே சம்மதித்திருந்தேன்.

அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் கடிதம் எழுதுவதை விடக் கசெற்றில் கதைத்து அனுப்புவதுதான் அதிகம். கடையில் விற்கும் பாட்டுக் கசெற்றின் மேல் விளிம்பில் இரண்டு ஓட்டை இருக்கும். அதை ஒட்டு நாடாவால் மூடிவிட்டால் பாட்டுக்கு மேலேயே பேசிப் பதியலாம். யாழ்ப்பாணத்தில் வெற்றுக் கசெற் கிடைக்காது. அதனால் வந்த குரலுக்கு மேலேயே பதிலைப் பேசித் திருப்பி அனுப்புவோம். அம்மாவும் அப்படித்தான் சின்னண்ணாவின் குரலுக்கு மேலே "குளிருக்குக் கவனம் ராசா" என்று பேசி அனுப்பினா. அதில் என்ன பிழை, அடுத்த கசெற் வரும்தானே என்று எல்லோரும் இருந்தோம். அடுத்ததாக வந்தது அவர் செத்த செய்தி.

அவர் பேசியதை நானாவது கேட்டிருக்கலாம். ஆனால் யுத்தத் தடையால் பற்றரி இல்லாத ஊரில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில்தான் கசெற் ரேடியோ ஓடும். பெடல் சுற்றியது நான். அந்த இரைச்சலில் எனக்குப் பாதிதான் கேட்டது. அந்தப் பாதியும் இப்போது நினைவில் இல்லை.

வின்டர்தூரிலிருந்து பேர்ணுக்கு நேரடி ரயில் உண்டு, ஒன்றரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. அரைக்கட்டண அட்டை இல்லாமல் ஏறாதீர்கள், மனம் நோகும். நிலையத்தில் சின்னண்ணாவோடு ஒரே அறையில் இருந்த ராசன் அண்ணை நின்றார். கசெற்றையும் ஒரு வோக்மனையும் கையில் தந்துவிட்டு, மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

முதலில் அம்மா. அம்மாவின் பேச்சு முடிந்ததும் ஒரு கிளிக். பிறகு, அம்மாவின் குரல் எட்டாமல் மிஞ்சிய துண்டில், சின்னண்ணா: "இனி நீ கேள், தங்கச்சி." அவ்வளவுதான். உடனே டிரம்ஸ் விழுந்தது, ஒரு பெண் அடிவயிற்றிலிருந்து பாடினாள், பாதியிலிருந்து.

"ஆரின்ர பாட்டு அண்ணை?"

"தெரியாது தங்கச்சி. இந்தக் கசெற்றை அவன் வாங்கின கடை கிட்டத்தான். வாங்கோ, கேட்பம்."

பழைய நகரத்து வளைவுக் கூரைகளின் கீழ் பத்து நிமிட நடை. கடை இருக்கும் நிலவறைக்குள் இறங்கும் படி செங்குத்து, கவனம். கடைக்காரப் பெண்மணி இரண்டு வரி கேட்டதுமே ஓர் இசைத்தட்டை உருவினா. அவ ஜெர்மனில் சொன்னதை ராசன் அண்ணை தமிழில் சொன்னார்.

அறுபதுகளில், அமெரிக்காவின் தெற்குப் பக்கம் ஒரு சிற்றூர். தேவாலயத்தில் பாடிக்கொண்டிருந்த கறுப்பினப் பெண். ஒலிப்பதிவுக் கூடத்தை ஒரு காலைக்குத்தான் வாடகைக்கு எடுத்திருந்தார்களாம். டிரம்ஸ் அடிப்பவர் வரவில்லை. நேரம் போகிறதென்று ஓர்கன் வாத்தியத்தோடு மட்டும் தொடங்கிவிட்டாள். பாதியில் அவர் வந்து, மேற்சட்டையைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்து அடித்தாராம். அவள் நிறுத்தவில்லை. குரல்தான் மேலே ஏறியது. அதையே வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு சோல் என்கிற அந்த வகைப் பாட்டுப் பாடுகிறவர்கள் எத்தனையோ பேர், டிரம்ஸ் இல்லாமல் தொடங்கிப் பாதியில் இறக்கிப் பார்த்திருக்கிறார்களாம்.

"எங்கட பெடியளும் கலியாண வீட்டில உப்பிடித்தான் வாசிக்கிறாங்கள்" என்றார் ராசன் அண்ணை. "உங்கட அண்ணன்தான் பழக்கினவன்."

கடைக்கார அம்மா தட்டைப் போட்டா. முதற்பாதியை அன்றுதான் கேட்டேன். ஓர்கனும் அவளும் மட்டும், ஆளில்லாத வீட்டில் ஒருத்தி தனியே கதைப்பது போல. டிரம்ஸ் விழ ஒரு மூச்சு முந்தி என் வாய் தானாகவே சொன்னது: இனி நீ கேள், தங்கச்சி.

ராசன் அண்ணை கண்ணைத் துடைத்தார். "மூண்டு தரம் திருப்பிப் பதிஞ்சனான் எண்டு பிறகு சொன்னவன். டிரம்ஸ் விழ முந்திச் சரியா முடிக்க வேணும் எண்டு."

"என்ன கதைச்சவர் அண்ணை?"

"அவன் பதியேக்க நான் வேலைக்குப் போயிட்டன், தங்கச்சி."

கடைக்கார அம்மா நல்ல மனதோடு கையை நீட்டினா. முழுப் பாட்டையும் இந்தக் கசெற்றிலேயே பதிந்து தரட்டுமா, காசு வேண்டாம் என்றா. நான் கசெற்றை இறுகப் பிடித்துக்கொண்டேன். இருபத்திரண்டு பிராங் கொடுத்துத் தட்டை வாங்கினேன், வீட்டில் அதைப் போட்டுக் கேட்க ஒன்றும் இல்லாமலே.

போகிறவர்களுக்கு: சனிக்கிழமை கடைகள் நேரத்தோடு பூட்டிவிடுவார்கள், காலையிலேயே போங்கள். பெப்ரவரியில் ஆற்றங்காற்று காதை அறுக்கும், தொப்பி வேண்டும். உங்கள் வீட்டு மேசை லாச்சியிலும் இப்படி ஒரு கசெற் கிடந்தால், கேட்பதற்கு முந்தி மேல் விளிம்பைப் பாருங்கள். ஓட்டையில் நாடா ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள். பிறகு யாராலும் அதன் மேல் பேச முடியாது. சின்னண்ணா ஒட்டிய நாடாவை நான் திரும்பி வரும் ரயிலில், ஒல்ரன் நிலையம் தாண்டியதும், நகத்தால் உரித்தேன். அவருடைய விரல் அடையாளம் பசையில் இருந்தது. அதையும் எறியவில்லை.