அக்காவைக் கூப்பிட்டார், அண்ணன் போனார்

எங்கள் அக்கா கர்த்தரிடம் சென்று இந்த மாதத்தோடு ஒரு வருடம் நிறைகிறது. இந்த நினைவு மலரில் எழுத வேண்டியவர் அண்ணன்தான், அவர் போதகர், அழகாக எழுதுவார் என்று உறவினர்கள் சொன்னார்கள். அழகாகத்தான் எழுதுவார். அதனால்தான் நான் எழுத உட்கார்ந்தேன்.

அக்கா காக்ஸ் டவுனில் பிறந்தார். அவருக்குப் பின் அண்ணன், கடைசியாக நான். படிப்பு முடிந்ததும் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர் ஆனார். நாள் முழுவதும் முகம் தெரியாதவர்களிடம் தமிழிலும் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் பேசியவருக்கு, நாலு பேர் முன்னால் நின்று ஒரு ஜெபம் சொல்ல வராது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் சபையில் கன்வென்ஷன் கூட்டம் நடந்தது. ஊழியத்துக்கு ஆண்டவர் அழைப்பதாக உணர்கிறவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார் பிரசங்கியார். அக்கா எழுந்தார். தனியாக நிற்கப் பயந்து, பக்கத்தில் தூங்கி வழிந்துகொண்டிருந்த அண்ணனையும் கையைப் பிடித்து எழுப்பிவிட்டார். பிரசங்கியார் இறங்கி வந்து அண்ணனின் தலையில் கை வைத்தார். அம்மா அழுதே விட்டார். ஆண்பிள்ளையை ஊழியத்துக்கு ஒப்புக்கொடுப்பதுதானே நம் வழக்கம்! பெண் எதற்கு எழுந்தாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான் கேட்டேன். “அவனத்தான்டி கூப்பிட்டிருக்கார். என் மூஞ்சிக்கு ஊழியமா?” என்றார் அக்கா.

அண்ணன் அக்காவின் சம்பளத்தில் இறையியல் படித்து முடிக்கும்வரை அக்காவுக்கு வந்த வரன்களை அம்மா தள்ளிப்போட்டார். பிறகு வரன்கள் வரவில்லை. அண்ணனுக்குச் சபை கிடைத்தது, கார் கிடைத்தது.

அக்கா ஓய்வு பெற்ற பிறகு, லிங்கராஜபுரத்தில் எங்கள் எதிர்வீட்டு மேரியின் ஒரே மகள் காய்ச்சலில் இறந்தாள். அடக்கத்துக்கு முன் ஜெபிக்க வருவதாகச் சொன்ன அண்ணன், ஒரு பெரிய வீட்டுக் கல்யாண விருந்தில் உட்கார்ந்துவிட்டார். போனை எடுக்கவில்லை.

“பாடி எடுக்கணும்க்கா. நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றாள் மேரி.

“எனக்கு வராதும்மா.”

“வராட்டி பரவால்லக்கா. சும்மா வந்து நில்லுங்க, போதும்.”

அக்கா போய் நின்றார். பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு வாயைத் திறந்தார். “ஆண்டவரே, இது சாகற வயசில்ல. அது உமக்கே தெரியும். இவளுக்கு என்ன பதில் சொல்லப் போறீர்?” அதுவரை கல்லாக உட்கார்ந்திருந்த மேரி அப்போதுதான் ஓவென்று அழுதாள்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். “அன்னிக்கு என்னத்தான்டி கூப்பிட்டார்.”

அதன் பிறகு அவரை வீட்டில் பிடிக்க முடியவில்லை. அரசு ஆஸ்பத்திரி வார்டுகளில் பார்க்க ஆளில்லாதவர்களின் கட்டிலருகே போய் உட்காருவார். “நாளெ பர்த்தீரா அம்மா?”, நாளைக்கும் வருவீர்களா என்று கன்னடத்துக்காரர்கள் கேட்பார்கள், மறுநாளும் போவார். “பொம்பளைக்கு யாரு பர்மிஷன் குடுத்தது?” என்று சபைக் கமிட்டி கேட்டது. “குடுத்தவர்கிட்டயே கேளுங்க” என்றார் அக்கா. தனக்குக் கெட்ட பெயர் வருகிறது என்று அண்ணன் வருத்தப்பட்டார். பட்டுக்கொள்ளட்டும்.

சில வருடங்கள்தான் கிடைத்தன. வயிற்றில் புற்றுநோய் வந்தது. படுக்கையில் ஒரு நாள், “எல்லாத்தையும் வீணாக்கிட்டேன்டி” என்றார். இல்லை. அவர் வீணாக்கவில்லை, அவரிடமிருந்து பிடுங்கினார்கள். வயிறு எரிகிறது, எழுதிவிட்டேன்.

அடக்க ஆராதனையில் போதகர்கள் வரிசையாகப் பேசினார்கள். தன் ஊழியத்துக்காக அக்கா செய்த தியாகத்தைப் பற்றி அண்ணன் உருகினார். மேரி பேச எழுந்தபோது, நேரமில்லை என்று உட்கார வைத்தார்கள்.

அக்காவைக் கவனித்த மருத்துவருக்கும் நர்ஸுகளுக்கும், கடைசிவரை கஞ்சி வைத்துக் கொடுத்த மேரிக்கும், தெருவாருக்கும் எங்கள் நன்றி. அண்ணனுக்கும் ஒரு நன்றி உண்டு. அன்று நீங்கள் விருந்தை விட்டு எழுந்து வந்திருந்தால், அக்கா கடைசிவரை வாயைத் திறந்திருக்க மாட்டார். வராமல் இருந்ததற்கு நன்றி, அண்ணா.