கேசட்டுக்குக் கோபம் வராது

சபீரா மேடம் மறைந்த செய்தியை எனக்குச் சொன்னது முனிரத்தினம். அவர் ஓசூரில் ஒரு கம்பெனியின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்ப்பவர். அதனால் மேடத்திடம் படித்த உங்களில் பலருக்கும் அவர் குரலில்தான் செய்தி வந்திருக்கும். "சார், மேடம் போயிட்டாங்க. மத்தியானம் டீ குடிச்சிட்டு, கொஞ்சம் படுக்கறேன்னாங்களாம். அவ்ளோதான் சார், தூக்கத்துலயே" என்றார். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, நிம்மதி. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் இல்லை. கடைசியாகப் பார்க்கப் போயிருந்தபோது, "படுக்கையில கெடந்து, வர்றவங்க எல்லாம் உச்சுக் கொட்டிட்டுப் போற மாதிரி மட்டும் அல்லா என்னை வெச்சிடக் கூடாது சார்" என்று சொல்லியிருந்தார். அவர் கேட்டது கிடைத்துவிட்டது.

எண்பதுகளில் தொழிற்பேட்டை ஆட்களுக்காக ஓசூரில் ஒரு பள்ளிக்கூடத்தை வாடகைக்கு எடுத்து, அஞ்சல்வழி பி.ஏ. படிப்பவர்களுக்கு ஞாயிறு வகுப்புகள் நடந்தன. அங்கே நான் பொருளாதாரம், அவர் வரலாறு. என் வகுப்பில் தூங்கலாம். அவர் வகுப்பில் கொட்டாவி விட்டாலே தொலைந்தோம். அரை மணிக்கு முன்னால் சொன்னதை யாராவது திரும்பக் கேட்டால், சாக்பீஸை மேஜைமேல் வைத்துவிட்டு ஒரு பார்வை பார்ப்பார். வேப்பனப்பள்ளிப் பக்கம் தெலுங்கு வீட்டிலிருந்து வந்தவன், தளிப் பக்கம் கன்னட வீட்டிலிருந்து வந்தவன், திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்தவன் எல்லோரும் ஒரே பெஞ்சில் இருக்க, எல்லோருக்கும் ஒரே தடவையில் புரிந்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பார். அந்தக் கோபம் நியாயமில்லை என்று அவருக்கே தெரியும். அதற்கு அவர் கண்டுபிடித்த மருந்துதான் டேப் ரெக்கார்டர்.

ஆரம்பித்தது முனிரத்தினத்துக்காக. லேத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவருக்கு நரம்புக் கோளாறால் கண் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, இரண்டாம் வருடப் படிப்பின்போது முழுசாகப் போய்விட்டது. கம்பெனி முதலாளி நல்ல மனிதர், ஆனால் கணக்கான மனிதர். டிகிரியை முடித்தால் எக்ஸ்சேஞ்சில் போட்டுக்கொள்வதாகவும், இல்லாவிட்டால் செட்டில் பண்ணி ஊருக்கு அனுப்பிவிடுவதாகவும் சொல்லிவிட்டார். அடுத்த வருடக் கடைசிப் பரீட்சையோடு கெடு முடிந்தது. மேடம், தம்பி சவுதியிலிருந்து கொண்டுவந்த டேப் ரெக்கார்டரைச் சமையலறை மேடையில் வைத்துப் பாடங்களைப் பேசிப் பதிவு செய்தார். கஷ்டமான இடங்களைத் தெலுங்கிலும் ஒருமுறை சொல்வார். கன்னடத்துக்கு என்னை இழுத்துவிட்டார். கேசட்டின் ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் ஒரே வாசகம்: "புரியலைன்னா திருப்பிப் போட்டுக் கேளுங்க. எனக்குத்தான் கோவம் வரும், கேசட்டுக்குக் கோவம் வராது."

வீடு பெங்களூர் ரோட்டை ஒட்டி இருந்தது. பட்டனை அழுத்திவிட்டு, போகிற லாரி எல்லாம் போய்த் தொலையட்டும் என்று காத்திருந்துதான் பேச ஆரம்பிப்பார். அதனால் சில கேசட்டுகளில் முதலில் வெகுநேரம் லேசான இரைச்சல் தவிர ஒன்றுமே கேட்காது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வம்பு இங்கேதான் வந்தது.

முனிரத்தினம் கேட்டு முடித்த கேசட்டுக்கு மற்றவர்கள் கை நீட்ட ஆரம்பித்தார்கள். இரண்டாம் ஷிப்ட்டும் ராத்திரி ஷிப்ட்டும் பார்த்தவர்களுக்கு ஞாயிறு வகுப்பே பாதி வாரங்கள் கிடைக்காது. மூக்கண்டப்பள்ளி பஸ் ஸ்டாப்பில் ஷிப்ட் மாறும்போது, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிறவன் ஏறப்போகிறவனிடம் கேசட்டைக் கொடுப்பான். டிபன் பாக்ஸ், குடை, வரலாறு எல்லாம் ஒரே பையில் போகும். "உங்க பாடம் ஷிப்ட் போகுது மேடம்" என்று நான் கிண்டல் செய்தால், "ஓவர்டைம் யார் சார் குடுக்கறது?" என்பார்.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, தொழிற்புரட்சி கேசட் சுற்றி முடித்து முனிரத்தினத்திடம் திரும்பி வந்தது. பரீட்சையில் பாதிக்கு மேல் கேள்வி வரும் பாடம். இரண்டாம் பக்கத்தைப் போட்டால், மேடத்துக்குப் பதிலாகக் கன்னடத்துப் பெண்கள் கூட்டமாகத் தொட்டில் பாட்டுப் பாடினார்கள். எங்கள் வகுப்பிலேயே படித்த, தளிப் பக்கத்துப் பசவராஜ் வேலை அது. மகளுக்குப் பெயர் வைக்கும் விசேஷம். பாட்டைப் பிடித்து வைக்கலாம் என்று எண்ணி, கையிலிருந்த கேசட்டைத் திருப்பிப் போட்டுப் பார்த்திருக்கிறார். வெறும் இரைச்சல், பேச்சே இல்லை. காலி என்று நினைத்துவிட்டார். லாரிக்காக மேடம் காத்திருந்த இடம் அது. பாடம் முழுதும் அழிந்து, கடைசியில் தப்பியது "கேசட்டுக்குக் கோவம் வராது" மட்டும்தான்.

மேடம் மறுபடி பேசித் தரலாம் என்றால், தொண்டையில் புண் வந்து, டாக்டர் வாயே திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்த சமயம். நான் வீரமாகப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் முனிரத்தினத்துக்குப் படித்துக் காட்டினேன். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தப்பா நெனைக்காதீங்க சார். நீங்க படிச்சா புத்தகம் கேக்குது. மேடம் சொன்னாத்தான் பாடம் கேக்குது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஊருக்குப் போனா எனக்கு மாடுகூட மேய்க்க முடியாது சார்" என்றார்.

பசவராஜை அழைத்துக்கொண்டு மேடம் வீட்டுக்குப் போனேன். "தப்பாயித்து மேடம், தப்பாயித்து. காலின்னு நெனச்சிட்டேன்" என்று அந்த ஆள் வாசலிலேயே நின்று அழுதார். மேடம் பேசமுடியாத கோபத்தோடு மகனுடைய சிலேட்டை எடுத்தார். நான் கண்ணை மூடிக்கொள்ளாத குறை. எழுதி நீட்டியதைப் படித்தேன்: "குழந்தைக்கு என்ன பேர்?"

"காவேரி" என்றார் பசவராஜ். மேடம் அழித்துவிட்டு மறுபடி எழுதினார்: "கேசட் கேட்டவர்கள் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை வரவும். கேட்டதைச் சொல்லவும்."

வந்தார்கள். ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்தவர்களும் உண்டு. மைக்கைக் கையில் வாங்கியதும் எல்லோருக்கும் நாக்கு ஒட்டிக்கொண்டது. முனிரத்தினம்தான் உடைத்துவிட்டார்: "மொதல்ல குக்கர் விசில் அடிக்கும்பா. அதுக்கப்புறம்தான் நீராவி இன்ஜின்." உடனே ஒருவர், "ஆமா, அந்த இன்ஜினுக்கு முன்னாடி மில்லு எல்லாம் ஆத்தோரத்துலதான் இருந்துச்சு. தண்ணிதான் சக்கரத்தைச் சுத்தணும்" என்று பிடித்துக்கொண்டார். வேப்பனப்பள்ளிக்காரர் ஒருவர், "அதி காதன்னா, அப்படி இல்ல, தறி கதை அதுக்கும் முன்னாடி. பால்காரன் பெல் அடிச்சானே, அங்க வருது" என்று திருத்தினார். மேடத்தின் வீட்டுச் சத்தங்களைப் பிடித்துக்கொண்டே ஒவ்வொருவராகப் பாடத்துக்குள் இறங்கினார்கள். லேத்துக்காரர்களுக்கு இயந்திரம், யூனியன்காரர்களுக்குக் கூலியும் வேலை நேரமும் மனப்பாடமாக இருந்தன. பசவராஜ், பிஞ்சுப் பிள்ளைகளை மில்லில் வேலைக்கு வைத்த பகுதியைக் கன்னடத்தில் சொன்னார்.

மேடம் டேப் ரெக்கார்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். தப்பாகச் சொன்னால் டக்கென்று பட்டனை நிறுத்துவார். சிலேட்டில் ஒரு வார்த்தை எழுதிக் காட்டுவார். சரியாகச் சொன்னால் ஓடவிடுவார். அன்றைக்கு அவர் ஒரு விரலால் பாடம் நடத்தினார். ஒருவர் ஒரே விஷயத்தை மூன்றாம் தடவை தப்பாகச் சொன்னபோது நாங்கள் அவர் முகத்தைத்தான் பார்த்தோம். அவர் பின்னால் ஓட்டிவிட்டு, மறுபடி சொல் என்று கையைக் காட்டினார். கோபமே வரவில்லை. கேசட்டிடம் அவர் அதைக் கற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

முனிரத்தினம் சொல்லச் சொல்ல ஒரு ப்ளஸ் டூ பெண் எழுத, பரீட்சை முடிந்தது. ரிசல்ட் வரும்வரை எங்கள் யாருக்கும் சோறு இறங்கவில்லை. பேப்பரில் எண்ணைத் தேடிக் கண்டுபிடித்து, மேடம் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். அதற்குள் அவருக்குக் குரல் திரும்பியிருந்தது. அப்படியே சமையலறை மேடையில் சாய்ந்துகொண்டு, "அப்பாடா! இப்ப நான் யாரையாவது திட்டலாமா சார்?" என்றார். திட்டவும் செய்தார், ஏன் ஓடி வந்தீர்கள், பிபி இருக்கிறதே என்று என்னைத்தான். அதற்குப் பிறகு பதிவு செய்த ஒவ்வொரு கேசட்டிலும், யாரும் அழிக்க முடியாதபடி மேலே இருக்கும் சின்னத் தடுப்பை உடைத்துவிட்டுத்தான் கையில் கொடுப்பார்.

அடக்கம் முடிந்த அன்று பசவராஜ் மகளோடு வந்திருந்தார். காவேரி இப்போது ப்ளஸ் ஒன் படிக்கிறாள். தொட்டில் பாட்டோடு அவரிடமே தங்கிவிட்ட அந்தப் பழைய கேசட்டிலிருந்து எனக்கொரு காப்பி எடுத்துத் தந்தார். மேடத்திடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதுதான்.

நேற்று அதைப் போட்டேன். பெண்கள் பாடினார்கள், ஒரு குழந்தை வீறிட்டது, தொட்டில் கயிறு கிறீச்சிட்டது. எல்லாம் அடங்கி, கடைசியில் அவர் வந்தார். புரியலைன்னா திருப்பிப் போட்டுக் கேளுங்க என்றார். எனக்கு எல்லாம் நன்றாகவே புரிந்துதான் இருந்தது. இருந்தாலும் திருப்பிப் போட்டேன்.