மார்கு அண்ணையும் எட்டாம் வேற்றுமையும்

போன சனிக்கிழமை டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் உள்ள போலந்துக் கடையில் நான் காய்ந்த பாண் கேட்டேன். கேட்க நினைத்தது புதுப் பாண்தான். செக் மொழியில் ‘செர்ஸ்த்வி’ என்றால் அப்போதுதான் சுட்டது. அதே சொல்லைப் போலிஷில் சொன்னால் காய்ந்து இறுகிப்போனது. இரண்டு மொழிகளையும் ஒரே நேரத்தில் படித்தவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் இந்தத் தண்டனை உண்டு. கடையில் நின்ற இளம்பெண் மிகுந்த அக்கறையோடு, “பறவைகளுக்கா?” என்று கேட்டாள். திருத்திச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆம் என்று தலையாட்டி நேற்றையதை வாங்கிக்கொண்டு வந்தேன்.

“இதென்ன, கல்லோ?” என்றார் என் கணவர்.

“பறவைகளுக்கு வாங்கினது. நீங்களும் சாப்பிடலாம்.”

காய்ந்திருந்தாலும் அந்தப் பாணில் சீரகத்தைப் போன்ற ஒரு விதையின் மணம் மிச்சமிருந்தது. அந்த மணம் என்னை நேரே ஓகூஸ் பல்கலைக்கழகக் கட்டடத்தின் மேல்மாடி அறை ஒன்றுக்குக் கொண்டுபோய்விட்டது. எங்கள் செக் ஆசிரியர் குளிர்காலத்தில் பாண் துண்டுகளை வெப்பமூட்டியின் மேல் அடுக்கிவைத்துவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குவார். வினைச்சொல் முடியும்போது பாண் சூடாகியிருக்கும்.

‘போலிஷ், செக் மொழியும் பண்பாடும்’ என்பது படிப்பின் பெயர். மாணவர்கள் ஐந்தே பேர். திங்களும் செவ்வாயும் போலிஷ், புதனும் வியாழனும் செக். வெள்ளிக்கிழமை வந்தால் எந்தச் சொல் எந்த நாட்டுக்குரியது என்று ஐவருக்கும் தெரியாது. ஒருத்திக்குப் பிராகில் காதலன் இருந்தான், இன்னொருவனுக்கு அந்த ஊர் பியர் பிடித்திருந்தது. எனக்கு என்ன காரணம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் வேறு வேறு பதில் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கு உண்மையைச் சொல்கிறேன். உயர்தரப் படிப்பு முடிந்த கோடையில், பிராண்டேயில் அப்பா வேலைசெய்த தொழிற்சாலையில் கூட்டித் துடைக்கும் வேலைக்குப் போனேன். சாப்பாட்டு அறையில் போலந்துக்காரர்கள் கதைப்பதைக் கேட்டால் தகரக் கூரையில் தூறல் விழுவதுபோல இருக்கும். இவ்வளவு ‘ஷ்’ஷையும் ‘ச்’சையும் வைத்துக்கொண்டு மனிதர் எதைப்பற்றிச் சண்டைபிடிக்கிறார்கள் என்று அறிய ஆசைப்பட்டேன். அவ்வளவுதான்.

வகுப்பில் எனக்கு ஒரு எதிர்பாராத வசதி வாய்த்தது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் வேற்றுமை உருபுகளைப் பாடமாக்கி, ஒவ்வொரு சோதனையிலும் ஐந்தாவதையும் ஏழாவதையும் மாற்றி எழுதிக் குட்டு வாங்கியவள் நான். ஆனால் போலிஷிலும் செக்கிலும் ஏழு வேற்றுமைகள் என்று போலிஷ் ஆசிரியை சொன்னபோது, டேனிஷ் பிள்ளைகள் நால்வரும் முகம் வெளுத்துப் போனார்கள். எனக்கோ எட்டில் ஒன்று குறைந்த நிம்மதி. அதிலும் விளி வேற்றுமை. மாரெக் என்று பெயருள்ள ஒருவரைக் கூப்பிடும்போது ‘மார்கு’ என்று ஆகிவிடும். மரியாதைக்கு முன்னால் ‘பானியே’ என்று ஒரு சொல்லும் சேரும். “கூப்பிட்டால் எதற்குப் பெயர் மாறவேண்டும்? ஆள் அதே ஆள்தானே?” என்று பிராகில் காதலன் இருந்தவள் சண்டைக்குப் போனாள். முருகன் முருகாவாக மாறுவதைப் பிறந்ததிலிருந்து கேட்ட எனக்கு அதில் என்ன புதுமை?

வீட்டில்தான் நிலைமை வேறு. அம்மாவுக்கு நான் ஃபார்மசி படிக்கவேண்டும். அதற்கான கையேடுகள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டப்பட்டு, பால் எடுக்கப் போகும்போதெல்லாம் என்னைப் பார்க்கும்.

“போலிஷ் படிச்சு ஆரோட கதைக்கப் போறாய்?” என்பார் அம்மா.

“மாரெக்கோட கதைக்கட்டும்,” என்பார் அப்பா, பகிடியாக.

மாரெக் அப்பாவோடு வேலைசெய்த போலந்துக்காரர். காற்றாலை இறகுகளுக்கான நீண்ட அச்சுக்குள் கண்ணாடி நார்த் துணியை விரிப்பது அவர்கள் வேலை. ஒரு கரையில் அப்பா, மறு கரையில் மாரெக். ஒருவர் இழுத்தால் மற்றவர் விடவேண்டும். மடிப்பு விழுந்தால் எல்லாம் பிழை. அந்தத் தொழிற்சாலையில் அப்பாவுக்கு வேறு நண்பர்கள் இருக்கவில்லை. அவர்களைச் சேர்த்துவைத்தது வெள்ளிக்கிழமை. மற்றவர்கள் பன்றி ஈரல் பூசிய பாணை எடுக்கும் நாளில் இவர்கள் இருவர் மட்டும் இறைச்சி தொடமாட்டார்கள். அப்பா பிள்ளையாருக்காக, மாரெக் யேசுவுக்காக. ஆனால் மாரெக் மீன் சாப்பிடுவார். “மீனும் மச்சம்தானே, மரக்கறி இல்லையே எண்டு எத்தனை தரம் சொல்லிப்போட்டன், கேக்கிறானில்லை,” என்று அப்பா வீட்டில் வந்து குறைப்படுவார்.

அவர்கள் கதைத்தது டேனிஷ். ஆனால் டென்மார்க்கில் வேறு யாரும் கதைக்காத டேனிஷ். டேனிஷில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ‘என்’ அல்லது ‘எத்’ என்று ஒரு வால் உண்டு. தமிழிலும் போலிஷிலும் அப்படி எதுவும் இல்லை. ஆகவே இருவரும் அந்த வால்களை முழுதாக வெட்டி எறிந்திருந்தார்கள். காலமும் அவர்களுக்கு ஒன்றுதான்: “நேற்று நான் வருகிறேன், நாளை நான் வருகிறேன்.” டேனிஷ்காரர் சொல்வது பாதிதான் விளங்கும் அப்பாவுக்கு மாரெக் சொல்வது முழுதும் விளங்கும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். எனக்கு நாள், கிழமை சரியாக இருக்கவேண்டும் என்ற நோய் உண்டு. முதலாம் ஆண்டு, பெப்ரவரி. அப்பா விஷயத்தைச் சொன்னது ஒரு வியாழக்கிழமை மாலை. வெள்ளி என்று அம்மா இன்றைக்கும் சாதிக்கிறார். ஆனால் அன்று நாங்கள் மீன் கட்லட் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வெள்ளியென்றால் எங்கள் வீட்டில் மீன் கட்லட் எங்கிருந்து வரும்? வழக்கு முடிந்தது.

“மாரெக் என்னோட கதைக்கிறானில்லை,” என்றார் அப்பா. கட்லட் தட்டிலேயே கிடந்தது. “ரெண்டு கிழமை, பதினாலு நாள். சாப்பாட்டுக்கு வேற மேசையில போய் இருக்கிறான்.”

“ஏன் எண்டு கேட்டனீங்களோ?” என்றார் அம்மா.

“கேட்டன். ‘நான் மாரெக்’ எண்டு சொல்லிப்போட்டுப் போறான். எனக்குத் தெரியாதே அவன் மாரெக் எண்டு!”

கோபத்தோடு இழுத்தால் துணி மடியும். மடிந்திருக்கிறது. இப்படியே போனால் திங்கட்கிழமையிலிருந்து ஆளுக்கு ஒரு வேறு சோடி என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டாராம்.

“பிள்ளை, நீ ஒருக்கா வந்து அவன்ர பாஷையில கேள். நான் என்ன பிழை விட்டனான் எண்டு மட்டும் கேள்.”

அப்பா என்னிடம் எதையும் கேட்டு நான் அறியேன். சரி என்று சொல்லிவிட்டு இரவெல்லாம் இலக்கணப் புத்தகத்தைப் புரட்டினேன். ஏழு வேற்றுமையும் ஒப்புவிப்பேன். ஆனால் வகுப்புக்கு வெளியே உயிருள்ள ஒரு போலந்துக்காரரோடு அவர் மொழியில் அதுவரை கதைத்ததில்லை.

மறுநாள் வேலை முடியும் நேரம், வாகனத் தரிப்பிடம். மாரெக் தன் காரின் முன்கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டு நின்றார். அப்பா தூரத்தில் எங்கள் காரின் டயரைப் பரிசோதிப்பதுபோல நடித்துக்கொண்டிருந்தார். நான் பேருந்தில் பாடமாக்கி வந்ததை உரத்துச் சொன்னேன்.

“பானியே மார்கு!”

சுரண்டிய கை நின்றது. டென்மார்க்கில் எல்லோரும் அவரை வெறும் மாரெக் என்றும் ‘நீ’ என்றும்தான் அழைப்பார்கள். அதுதான் இங்கே முறை. எத்தனை காலத்துக்குப் பிறகு அந்த விளியைக் கேட்டாரோ, தொப்பியைக் கழற்றிவிட்டார். பிறகு கொட்டத் தொடங்கினார். அரைவாசிதான் விளங்கியது. மெதுவாக, மெதுவாக என்று கெஞ்சி மிச்சத்தையும் வாங்கினேன்.

அப்பா அவரைத் தொடக்கத்திலிருந்தே ‘அண்ணை’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். நரைத்த மனிதரை எப்படிப் பெயர் சொல்லி அழைப்பது? மாரெக் அதை ‘ஏய்’, ‘ஓய்’ போன்ற ஏதோ ஒலி என்று விட்டிருக்கிறார். புதிதாக வேலைக்கு வந்த டேனிஷ்காரர் ஒருவர்தான், “இவரை ஏன் ஆன்னெ என்று கூப்பிடுகிறாய்?” என்று சாப்பாட்டு மேசையில் அப்பாவிடம் கேட்டிருக்கிறார். ஆன்னெ டேனிஷில் பெண்பெயர். போலிஷில் அன்னா. மேசை முழுக்கச் சிரித்தது. என்னவென்று விளங்காவிட்டாலும் சபைக்காகச் சிரித்துவைக்கும் அப்பாவும் சிரித்தார். அடுத்த நாளிலிருந்து எல்லோருக்கும் மாரெக் ஆன்னெ ஆகிவிட்டார்.

“உங்கள் அப்பாவும் சிரித்தார்,” என்றார் மாரெக். அதுதான் அவருக்கு வலித்த இடம்.

“அது பெயர் இல்லை, பானியே மார்கு. உங்கள் ‘பான்’, ‘பானியே’ மாதிரி மரியாதைச் சொல். கூடப் பிறந்த மூத்தவரைச் சொல்வது.”

அவர் யோசித்தார். “மூத்தவரா? உங்கள் அப்பா எந்த வருடம்?”

சொன்னேன். எந்த மாதம் என்றார். அதையும் சொன்னேன். மனிதர் நிமிர்ந்து, டயரோடு குனிந்திருந்த அப்பாவைச் சுட்டி, “அப்படியென்றால் மூத்தவர் அவர்!” என்று தரிப்பிடம் முழுக்கக் கேட்கச் சத்தமிட்டார்.

“என்னவாம்? என்னவாம் பிள்ளை?” என்று அப்பா ஓடிவந்தார்.

“நீங்கள்தான் மூத்தவராம். அஞ்சு மாசம்.”

“மெய்யே? தலைமயிரைப் பார்த்து ஏமாந்திட்டன்.”

மாரெக் அப்பாவின் கையைப் பிடித்து, மிகுந்த மரியாதையோடு ‘அண்ணை’ என்று சொல்ல முயன்றார். போலந்து நாக்குக்கு ண வராது. “அன்னை,” என்றார்.

வீடு திரும்பும்வரை அப்பா காருக்குள் சிரித்துக்கொண்டே வந்தார். “என்னைத் தாயெண்டு கூப்பிடுறான். பரவாயில்லை. இனி ரெண்டு பேரும் பொம்பிளையள்தான்.”

திங்கட்கிழமை ஒரே அச்சில், எதிரெதிர்க் கரைகளில் நின்றார்கள். ஒருநாள் பால் எடுக்கப்போனபோது குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஃபார்மசிக் கையேடுகள் இல்லை, காந்தம் மட்டும் இருந்தது.

நாங்கள் படித்து முடித்துச் சில ஆண்டுகளில் அந்தப் படிப்புக்குப் புதிய மாணவரை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். போன இலையுதிர்காலத்தில் ஒரு கூட்டத்துக்காக அந்தக் கட்டடத்துக்குப் போனேன். எங்கள் அறையில் உயரம் கூட்டிக் குறைக்கும் மேசைகள். பெயர்ப்பலகையில் இரண்டு மொழிகளும் இல்லை. பெரிதாகத் துக்கம் வரவில்லை. நான் படித்தது என்னிடம் இருக்கிறது, கொஞ்சம் கலந்துபோய்.

நான் இழப்பாக நினைப்பது வேறொரு மொழி. மாரெக் ஓய்வுபெற்று லூப்ளினுக்குப் பக்கத்தில் உள்ள தன் ஊருக்குப் போய்விட்டார். அப்பாவும் வேலையை விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் முகம் பார்த்துக் கதைக்கிறார்கள். அங்கே அவருக்கு டேனிஷ் தேவையில்லை. இங்கே அப்பா நாள் முழுதும் தமிழில்தான். இரண்டு பேர் மட்டும் கதைத்த அந்த வால் இல்லாத டேனிஷ் ஒவ்வொரு சொல்லாக உதிர்ந்துபோனது. இப்போது நடுவில் நான் உட்கார்ந்து மொழிபெயர்க்கிறேன், வேற்றுமை உருபு ஒன்றும் தவறாமல். போன வாரம் மாரெக் தன் கோழிக்கூட்டுக்குள் நரி புகுந்த கதையைச் சொல்லிவிட்டுத் தானே விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா சிரிக்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்ததும் சிரித்தார், வயிறு குலுங்கத்தான். ஆனால் அதற்குள் மாரெக் சிரித்து முடித்திருந்தார்.